பழைய வால்வு ரேடியோவுக்கு லேசரில் பாகம் வெட்டுவது: எது சரிவரும், எது வராது?

குமிழ்திருகி எழுதியது:

வணக்கம். 1930களின் நடுவில் வந்த அமெரிக்க மேசை ரேடியோ ஒன்று கைக்கு வந்திருக்கிறது. மரப்பெட்டி, ஏசி/டிசி வகை, டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது. மின்பகுதியை ஒருவழியாகச் சரிசெய்துவிடலாம். பாகங்கள்தான் தலைவலி. டயல் ஊசியை நகர்த்தும் பெரிய பற்சக்கரம் விரிசல் விட்டு, தொட்டால் உதிர்கிறது. ஸ்பீக்கருக்கு முன்னாலுள்ள மரச் சித்திர வேலைப்பாட்டில் வலது பாதி உடைந்திருக்கிறது. பின்பலகையே இல்லை, திருகுத் துளைகள் மட்டும் இருக்கின்றன. டயலை மூடும் கண்ணாடி மாதிரியான தாள் மஞ்சளாகிச் சுருங்கிவிட்டது.

பொதுப் பட்டறை ஒன்றில் கார்பன் டையாக்சைடு லேசர் மேசையைப் பயன்படுத்த எனக்கு அனுமதி உண்டு. நான்கையும் அதிலேயே வெட்டிவிடலாமா? பழைய பாகத்தை ஸ்கேன் செய்து அப்படியே வெட்டினால் போதுமா?

லேசர்மேசை எழுதியது:

மூன்று முடியும். ஒன்றைப் பற்றி யோசிக்க வேண்டும். முதலில் பொருளைச் சொல்கிறேன், வடிவம் அப்புறம்.

உங்கள் லேசரின் அலைநீளம் 10.6 மைக்ரோமீட்டர். மரம், அட்டை, ஹார்ட்போர்டு, அக்ரிலிக், அசிட்டால் (ஒருவகைக் கடின பிளாஸ்டிக்) எல்லாம் அந்தக் கதிரை நன்றாக உறிஞ்சும், சுத்தமாக வெட்டும். பித்தளை, அலுமினியம் வெட்டாது. அதற்கு ஃபைபர் லேசர் வேண்டும். கண்ணாடியும் வெட்டாது, மேற்பரப்பில் நுண்விரிசல் விட்டு வெளுப்பாக்கும், அவ்வளவுதான். வீட்டு மேசையில் வைக்கிற நீல டையோடு லேசர் வைத்திருப்பவர்களும் இதைப் படிக்கலாம் என்பதால் ஒன்று: அந்தக் கதிர் தெளிவான அக்ரிலிக்கினூடே அப்படியே போய்விடும், வெட்டாது.

பிவிசி கூடவே கூடாது. ஹைட்ரஜன் குளோரைடு வரும். நுரையீரலுக்கும் கேடு, இயந்திரத்தின் தண்டவாளம் துருப்பிடிக்கும், லென்ஸும் கெட்டுப்போகும். என்ன பிளாஸ்டிக் என்று தெரியாத துண்டு கிடைத்தால், செம்புக் கம்பியைச் சூடாக்கி அதன்மேல் தேய்த்து மறுபடி சுடரில் காட்டுங்கள். சுடர் பச்சையாகத் தெரிந்தால் அதை ஒதுக்கிவிடுங்கள்.

வால்வுப்பித்தன் எழுதியது:

லேசர்மேசை சொன்னது சரி. ஆனால் குமிழ்திருகியின் கடைசிக் கேள்விதான் இந்த இழையிலேயே முக்கியமானது. "ஸ்கேன் செய்து அப்படியே வெட்டினால் போதுமா?" போதாது. அதிலும் அந்தப் பற்சக்கரத்துக்கு அறவே போதாது.

உங்கள் சக்கரம் துத்தநாகக் கலவை வார்ப்பு. உதிர்கிறது என்றால் அதற்குக் காரணம் துத்தநாகத்தில் கலந்த ஈய மாசு. படிக மணிகளின் இடைவெளியில் அரிப்பு ஓடி, உலோகம் உள்ளிருந்தே உப்பி விரியும். நியூ ஜெர்சி ஜிங்க் நிறுவனம் தூய துத்தநாகத்தை அடிப்படையாக வைத்து ஜாமக் கலவைகளை 1929 இல் கொண்டுவந்தது. அதன் பிறகும் பல காலம் மட்டமான வார்ப்புகள் ரேடியோக்களில் வந்துகொண்டுதான் இருந்தன. (இது பக்கத்துப் பாகத்துக்குத் தொற்றும் என்று ஒரு பேச்சு உண்டு. தொற்றாது.)

விஷயம் இதுதான்: உங்கள் கையில் இருக்கும் சக்கரம் இப்போது பிறந்த அளவில் இல்லை. விட்டம் கூடியிருக்கும், நடுத்துளையும் கோணியிருக்கும். அதை ஸ்கேன் செய்தால் வீக்கத்தைத்தான் நகலெடுப்பீர்கள். புதுச் சக்கரம் அழகாக இருக்கும், பக்கத்துச் சக்கரத்தோடு சேராது.

ஆனால் பல் எண்ணிக்கை வீங்காது. அது போதும். சில பற்கள் உடைந்திருந்தாலும் இருக்கிற பற்களின் கோண இடைவெளியை வைத்து மொத்தத்தைக் கணக்கிடலாம். அடுத்து, அதோடு கோக்கும் சிறு சக்கரத்தைப் பாருங்கள். பெரும்பாலும் அது பித்தளையாக இருக்கும், அது பொய் சொல்லாது. இரண்டு அச்சுகளுக்கும் நடுவிலுள்ள தூரத்தை சேஸிஸிலேயே, அதாவது பாகங்களைப் பொருத்தியிருக்கும் உள்சட்டத்திலேயே, அளந்துகொள்ளுங்கள். சேஸிஸ் இரும்புத் தகடு, அதுவும் மாறாது. உடைந்த பாகத்தை அளக்காதீர்கள், அது உட்கார்ந்திருந்த இடத்தை அளந்துவிட்டு எண்களோடு வாருங்கள்.

குமிழ்திருகி எழுதியது:

அளந்துவிட்டேன் சார். சிறு சக்கரம் பித்தளைதான், 24 பல். பெரியதில் ஒரு துண்டு காணோம், மீதியை வைத்துப் பார்த்தால் 96 பல் வருகிறது. அச்சு இடைவெளி காலிப்பரில் 47.6 மி.மீ.

வால்வுப்பித்தன் எழுதியது:

அருமை. இடைவெளியை இரண்டால் பெருக்கி, மொத்தப் பல் எண்ணிக்கையால் வகுங்கள். 95.2 ஐ 120 ஆல் வகுத்தால் 0.793. இதுதான் மாட்யூல், பல்லின் அளவைச் சொல்லும் எண். இதை 0.8 என்று முழுமையாக்கிவிடத் தோன்றும். செய்யாதீர்கள். அமெரிக்கத் தயாரிப்பு என்று நீங்களே சொன்னீர்கள். அங்கே பற்சக்கரத்தை ஓர் அங்குல விட்டத்துக்கு எத்தனை பல் என்று கணக்கிடுவார்கள். 25.4 ஐ 32 ஆல் வகுத்தால் 0.794. ஆக உங்களுடையது 32 பிட்ச். அச்சு இடைவெளி சரியாக 1.875 அங்குலம், அதாவது 47.625 மி.மீ. உங்கள் காலிப்பர் அளவோடு ஒத்துப்போகிறது பாருங்கள்.

குமிழ் துளையிலும் இதே கதைதான். ஐரோப்பிய ரேடியோக்களில் தண்டு பெரும்பாலும் 6 மி.மீ., அமெரிக்க ரேடியோக்களில் கால் அங்குலம், 6.35. வித்தியாசம் சின்னதுதான், ஆனால் ஒன்று ஆடும், மற்றொன்று ஏறவே ஏறாது.

லேசர்மேசை எழுதியது:

வெட்டும் பக்கத்தை நான் சொல்கிறேன். 3 மி.மீ. அசிட்டால் தகடு எடுங்கள். அக்ரிலிக்கில் பல் வெட்டினால் நொறுங்கும். அசிட்டால் எரியும்போது சுடர் கண்ணுக்கு ஏறக்குறையத் தெரியாது, ஃபார்மால்டிஹைடு வாடை வரும். காற்றோட்ட விசிறி முழு வேகத்தில் ஓட வேண்டும், மேசையை விட்டு நகரக் கூடாது.

32 பிட்ச்சில் பல்லின் தடிமன் வட்டத்தில் சுமார் 1.25 மி.மீ. லேசர் கோடு 0.1 முதல் 0.3 வரை தின்னும். கணக்கில் எடுக்காவிட்டால் பல் மெலிந்து டயல் குமிழ் லொடலொட என்று ஆடும். முதலில் அதே தகட்டில் 20 மி.மீ. சதுரம் ஒன்றை வெட்டி அளந்து பாருங்கள். 19.8 வந்தால் கோட்டின் அகலம் 0.2. வெளிக்கோட்டை அதில் பாதி, 0.1, வெளியே தள்ளுங்கள். துளையை 0.1 உள்ளே தள்ளுங்கள். விளிம்பு நேர்ச்செங்குத்தாக இருக்காது, மேலும் கீழும் சற்று வேறுபடும். நடுத்துளையைச் சிறிதாக வெட்டி ரீமரால் பெரிதாக்குவதே நல்லது.

வால்வுப்பித்தன் எழுதியது:

ஒரு சேர்க்கை. பழைய சக்கரம் இரண்டு மெல்லிய தட்டுகளாக, நடுவில் சின்ன ஸ்பிரிங்கோடு இருந்ததா என்று பாருங்கள். திருப்பும்போது ஊசி பின்தங்காமல் இருக்கச் செய்த ஏற்பாடு அது. அப்படியென்றால் 1.5 மி.மீ. தகட்டில் இரண்டு வெட்டுங்கள். இந்த வேலைக்கு லேசரை விட வசதியான கருவி இல்லை.

இழைப்புளி எழுதியது:

மரப்பக்கம் என்னுடையது. சித்திர வேலைப்பாட்டின் இடது பாதி முழுசாக இருக்கிறது என்கிறீர்கள். அதைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பி வலது பாதி ஆக்கலாம் என்று எல்லாரும் சொல்வார்கள். பெட்டியில் வைத்துப் பார்த்த பிறகு செய்யுங்கள். பழைய வேலைப்பாடுகளில் இரண்டு பாதியும் ஒன்றுபோல இருக்கும் என்று நம்ப முடியாது. பெட்டித் துளையின் விளிம்பைத் தாளில் பென்சிலால் படியெடுத்து, அதை அடிப்படையாக வைத்து வரையுங்கள். வால்வுப்பித்தன் சொன்ன அதே விதிதான், மரத்துக்கும்.

ஸ்கேனர் பற்றி ஒரு வார்த்தை. மெல்லிய சிஐஎஸ் ஸ்கேனர்களில் கண்ணாடியை ஒட்டியிருக்கும் பரப்பு மட்டும்தான் தெளிவாக விழும். வேலைப்பாடு வளைந்திருந்தால் விளிம்பு மங்கும். பழைய தடித்த சிசிடி ஸ்கேனர் கிடைத்தால் விடாதீர்கள். 600 டிபிஐயில் ஒரு புள்ளி 0.042 மி.மீ., இந்த வேலைக்குத் தாராளம். பக்கத்தில் நீளவாட்டிலும் அகலவாட்டிலும் இரும்பு அளவுகோல் வைத்து ஸ்கேன் செய்யுங்கள். விளக்கு நகரும் திசையில் சில ஸ்கேனர்கள் படத்தை இழுத்துவிடும்.

பிளைவுட் வாங்கும்போது உள்ளறைப் பயன்பாட்டுக்கானதைக் கேளுங்கள். வெளிப்பயன்பாட்டுப் பிளைவுட்டின் பசை ஃபீனால் வகை, லேசர் அதில் தடுமாறும், அங்கங்கே வெட்டுப்படாமல் நிற்கும். மேல் வெனீரின் நரம்பு ஓடும் திசையைப் பெட்டியோடு பொருத்துங்கள். கடைசியாக, வெட்டிய விளிம்பின் கரியை உப்புத்தாளால் முழுக்கத் தேய்த்தெடுங்கள்.

மீட்டர்பேண்ட் எழுதியது:

கரியை ஏன் எடுக்க வேண்டும்? அந்தக் கருப்பு விளிம்பு, பழைய ரேடியோக்களில் விளிம்புக்குக் கருஞ்சாயம் பூசியது போலவே இருக்கிறது. நான் அப்படியே விட்டு வார்னிஷ் அடித்திருக்கிறேன். பார்ப்பவர் யாரும் கண்டுபிடித்ததில்லை.

இழைப்புளி எழுதியது:

தூரத்தில் நின்று பார்ப்பவர் கண்டுபிடிக்க மாட்டார். வெளிர்நிற ஸ்பீக்கர் துணி கண்டுபிடிக்கும். துணியை இழுத்து ஒட்டும்போது கரி ஈஷிக்கொள்ளும், அப்புறம் அதை எடுக்க வழியில்லை. வார்னிஷும் கரிமேல் பிடிக்காது, கரியோடு சேர்ந்து உரிந்து வரும். கருப்பு விளிம்பு வேண்டுமென்றால் தேய்த்துவிட்டுச் சாயம் பூசுங்கள். 1931 இல் வந்த ஃபில்கோ 90 மாதிரி மேல்பக்கம் வளைந்த பெட்டிகளில் முகப்பே அந்த வேலைப்பாடுதான். அங்கே போய்க் கரியை விட்டுவைக்க எனக்கு மனம் வராது.

மீட்டர்பேண்ட் எழுதியது:

துணி விஷயம் ஒத்துக்கொள்கிறேன். என்னுடையது கரும்பழுப்புத் துணி, அதனால் தெரியவில்லை. நிறம் பற்றி என் கருத்து மாறாது.

புதுவரவு எழுதியது:

நடுவில் நுழைகிறேன், மன்னிக்கவும். பின்பலகையைத் தெளிவான அக்ரிலிக்கில் வெட்டினால் வால்வுகள் எரிவது பின்னாலிருந்து தெரியுமே? பார்க்க அருமையாக இருக்கும் இல்லையா?

சிற்றலை எழுதியது:

தம்பி, பார்க்க அருமையாகத்தான் இருக்கும், கொஞ்ச நாளைக்கு. அக்ரிலிக் 100 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் இளக ஆரம்பிக்கும். அவுட்புட் வால்வின் கண்ணாடியும் ரெக்டிஃபையரின் கண்ணாடியும் அதைவிடச் சூடாகும். பலகை அவற்றுக்கு நெருக்கமாக இருந்தால் உள்பக்கம் வளையும். தீப்பிடித்தால் தானே அணையாது.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. குமிழ்திருகியின் ரேடியோ ஏசி/டிசி வகை என்பதால் சொல்கிறேன். இவற்றில் மின்சாரத்தின் ஒரு முனை சேஸிஸோடு நேரடியாகச் சேர்ந்திருக்கும். பிளக்கைத் திருப்பிச் செருகினால் சேஸிஸ் முழுவதும் மின்சாரம் இருக்கும், தொட்டால் ஷாக் அடிக்கும். பின்பலகை அழகுக்காக வைத்ததல்ல, உங்கள் விரலுக்கும் அந்தத் தகட்டுக்கும் நடுவே இருக்கிற ஒரே தடுப்பு. அதனால் நகலெடுக்கும்போது சிலவற்றை மாற்றக் கூடாது. காற்றுத் துளைகளின் அகலம் விரல் நுழையாத அளவில் இருக்க வேண்டும். அதற்காகத் துளைகளைக் குறைத்து உள்ளே சூடு தங்கவும் விடக் கூடாது. பிற்கால அமெரிக்க ரேடியோக்கள் சிலவற்றில் மின்கம்பியின் இணைப்பே பின்பலகையில் ஆணியடித்திருக்கும், பலகையைக் கழற்றினால் மின்சாரமும் போய்விடும். உங்களுடையது அந்த வகை என்றால் அந்த ஏற்பாடும் திரும்ப வர வேண்டும்.

குமிழ்களும் இதே கணக்கில் வரும். பக்கவாட்டில் இருக்கும் சின்னத் திருகு தண்டைத் தொடும், தண்டு சேஸிஸைத் தொடும். அதனால்தான் அந்தத் திருகுக் குழியை மெழுகால் அடைத்தார்கள். லேசரில் அடுக்கு அடுக்காக ஒட்டிக் குமிழ் செய்கிறவர்கள் அந்தக் குழியை ஆழமாக வைத்து மெழுகு அடையுங்கள்.

குமிழ்திருகி எழுதியது:

அப்படியானால் பின்பலகைக்கு எதை எடுப்பது?

சிற்றலை எழுதியது:

3 மி.மீ. ஹார்ட்போர்டு. பழையதன் தோற்றத்துக்கும் கிட்டத்தட்ட அதுவே. எம்டிஎஃப் ஈரம் பட்டால் ஊதும். மேலே மறைப்பு நாடா ஒட்டிவிட்டு வெட்டினால் புகைக்கறை படியாது. துளைகளை வரிசையாக வெட்டாமல் அங்கொன்று இங்கொன்றாக வெட்டும்படி மென்பொருளில் அமையுங்கள். ஒரே இடத்தில் சூடு சேர்ந்தால் பலகை வளையும், சில சமயம் தீயும் பிடிக்கும். பழைய எச்சரிக்கை வாசகம் கிடைத்தால் மேலோட்டமாகப் பொறித்துவிடுங்கள்.

கோன்தையல் எழுதியது:

இதையொட்டி என் வேலை ஒன்று. மிகப் பழைய மூவிங் காயில் ஸ்பீக்கர்களில் ஸ்பைடர் கோனுக்குப் பின்னால் இருக்காது, முன்னால் நடுவில் இருக்கும். பேக்கலைட் ஏற்றிய தாளிலோ துணியிலோ வளைந்த கைகளோடு வெட்டிய ஒரு சின்னத் தட்டு, நடுவில் ஒரு திருகு. வாய்ஸ் காயிலைப் பக்கவாட்டில் அசையவிடாமல், முன்பின்னாக மட்டும் போகவிடுவது அதன் வேலை. இது உடைந்தால் காயில் உரசும், ரேடியோ கரகரக்கும். கடையில் கிடைக்காது. லேசர் வந்த பிறகுதான் என்னால் இதைத் திருத்தமாகச் செய்ய முடிந்தது.

இங்கே வெளிக்கோட்டை விடத் தடிமன்தான் முக்கியம். வளைவுக்கு எதிரான விறைப்பு தடிமனின் மும்மடிப் பெருக்கத்தில் போகும். பழையது 0.4 மி.மீ., கையில் 0.5 தான் இருக்கிறது, பரவாயில்லை என்று வெட்டினால், விறைப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. தாழ்ந்த சுரங்கள் போய்விடும், காரணமே புரியாமல் வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மரைச் சந்தேகப்படுவீர்கள். மைக்ரோமீட்டரால் தட்டின் கையின் நடுப்பகுதியில் அளவெடுங்கள், விளிம்பு பழசில் உரிந்து தடித்திருக்கும். சரியான தடிமன் கிடைக்காவிட்டால் கைகளின் அகலத்தைக் குறைக்கலாம். அகலம் நேர்விகிதத்தில்தான் விறைப்பைக் குறைக்கும், ஆனால் கட்டுப்பாடு எளிது.

இந்த பேக்கலைட் தாளை, அதாவது ஃபீனால் தாளை, வேகமாகப் பலமுறை ஓட்டி வெட்டுங்கள், மெதுவாக ஒரே முறையில் வேண்டாம். கரி குறையும்.

மீட்டர்பேண்ட் எழுதியது:

அதே ஃபீனால் தாளில் டேக் போர்டும் (பாகங்களின் கம்பிகளைப் பற்றவைக்கும் முனைகள் நிற்கும் பலகை) வால்வு சாக்கெட்டின் தட்டும் வெட்டிக்கொள்ளலாம் அல்லவா? பல பேர் கேட்கிறார்கள்.

வால்வுப்பித்தன் எழுதியது:

வேண்டாம். பொருத்தமில்லாத பாகம் என்று நான் நினைப்பது இது ஒன்றைத்தான். லேசர் வெட்டிய ஃபீனால் விளிம்பு என்பது கரி. கரி மின்சாரத்தைக் கடத்தும். ஸ்பைடரில் அதனால் ஒன்றுமில்லை. ஆனால் 250 வோல்ட் இருக்கிற இரண்டு முனைகளுக்கு நடுவே கரி விளிம்பு இருந்தால், முதலில் சின்னக் கசிவு, அந்தக் கசிவின் சூட்டில் இன்னும் கரி, பிறகு ஒரு நாள் பொறி. ரேடியோ வேலை செய்கிற மாதிரியே இருந்து ஏமாற்றும்.

லேசர்மேசை எழுதியது:

முழுக்க மறுக்க மாட்டேன். ஆனால் அரை மி.மீ. பெரிதாக வெட்டி, விளிம்பை அரத்தால் சுத்தப் பழுப்பு தெரியும்வரை தேய்த்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, 500 வோல்ட் மெக்கரில் (மின்காப்பைச் சோதிக்கும் கருவி) சோதித்தால்?

வால்வுப்பித்தன் எழுதியது:

வெளிவிளிம்புக்குச் சரி. துளைகளின் உள்விளிம்பை எப்படித் தேய்ப்பீர்கள்? டேக் போர்டில் முனை நிற்பதே துளையில்தான். வெளிவடிவத்தை லேசரில் வெட்டிக்கொள்ளுங்கள், துளைகளைத் துரப்பணத்தால் போடுங்கள். இடம் மட்டும் லேசரால் லேசாகப் புள்ளி வைக்கலாம், அந்தப் புள்ளியைத் துரப்பணம் தின்றுவிடும். இதில் நாம் ஒத்துப்போகலாம்.

லேசர்மேசை எழுதியது:

சரி. இனி அப்படியே சொல்கிறேன்.

அசல்மட்டும் எழுதியது:

எல்லாம் படித்தேன். இவ்வளவு நகல் பாகம் போட்ட பிறகு அதைப் பழைய ரேடியோ என்று எப்படிச் சொல்வது? அடுத்து வாங்குபவரை ஏமாற்றுவதுதானே இது?

கோன்தையல் எழுதியது:

மறைத்தால் ஏமாற்று. நான் செய்யும் ஒவ்வொரு பாகத்தின் உள்பக்கத்திலும் ஆண்டையும் "நகல்" என்ற சொல்லையும் லேசரால் பொறிக்கிறேன். உடைந்த அசல் துண்டு உறையில் போட்டுப் பெட்டிக்குள்ளேயே இருக்கும். துத்தநாகம் உதிர்ந்த ரேடியோவை அலமாரியில் வைத்துப் பார்ப்பது உங்கள் விருப்பம், எனக்கு அது பாட வேண்டும்.

அசல்மட்டும் எழுதியது:

பொறிப்பது நல்ல பழக்கம். எல்லாரும் செய்வதில்லை என்பதுதான் என் வருத்தம்.

சிற்றலை எழுதியது:

டயல் மூடியைப் பற்றி யாரும் பேசவில்லையே. மஞ்சளாகிச் சுருங்கியது என்றால் செல்லுலாய்டாக இருக்க வாய்ப்பு அதிகம். விரலால் அழுத்தித் தேய்த்தால் கற்பூர வாசனை வரும். அது செல்லுலோஸ் நைட்ரேட், பொறி பட்டால் கணத்தில் பற்றிக்கொள்ளும். "இதையே கொஞ்சம் விளிம்பு ஒழுங்குபடுத்தி" என்று லேசர் மேசையில் வைத்துவிடாதீர்கள். தோல் போன்ற உறை போட்ட கைப்பெட்டி ரேடியோக்களுக்கும் இதே எச்சரிக்கை: பழைய ரெக்சின் துணியில் பூசியது நைட்ரேட், பிற்காலத்தில் வந்தது பெரும்பாலும் பிவிசி. இரண்டையும் கத்தரிக்கோலால் வெட்டுங்கள்.

புது மூடிக்கு அசிடேட் தாள். பழையது குவிந்த வடிவமாக இருந்தால் லேசர் தட்டையாகத்தான் தரும். மெல்லிய அக்ரிலிக்கை வெட்டி, 150 டிகிரி அளவில் சூடாக்கி, மர அச்சின் மேல் படியவிட வேண்டும். அளவு மறுபடியும் அதே பாடம். சுருங்கிய தாளை அளக்காமல், அது உட்காரும் பித்தளைச் சட்டத்தின் உள்பள்ளத்தை அளங்கள்.

குமிழ்திருகி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. கற்பூர வாசனை வந்தது, அந்தத் தாளைத் தனியே எடுத்து வைத்துவிட்டேன். சக்கரத்தை முதலில் அட்டையில் வெட்டி அச்சில் மாட்டிப் பார்க்கப் போகிறேன். இங்கே ஒருவர் முன்பு பகிர்ந்த எஸ்விஜி கோப்பிலிருந்து பின்பலகையின் துளை அமைப்பை எடுத்தேன். அவர் கோப்பிலேயே 100 மி.மீ. என்று ஒரு சோதனைக் கோடு போட்டிருக்கிறார். வெட்டி அளந்தால் 93.75 வருகிறது. லேசர் கோட்டின் அகலம் இவ்வளவு இருக்காதே?

லேசர்மேசை எழுதியது:

இருக்காது. உங்கள் மேசையும் சரியாகத்தான் இருக்கிறது. அந்தக் கோப்பு இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளின் பழைய பதிப்பில் வரைந்தது. 2017 இல் வந்த 0.92 பதிப்பில் ஓர் அங்குலத்துக்கு 90 புள்ளி என்பதை 96 ஆக மாற்றினார்கள். 90 ஐ 96 ஆல் வகுத்துப் பாருங்கள், 0.9375. மொத்தக் கோப்பையும் இப்போதைய அளவின் 106.67 விழுக்காட்டுக்குப் பெரிதாக்கி, சோதனைக் கோட்டை மட்டும் அட்டையில் ஒருமுறை வெட்டி 100 வருகிறதா என்று பாருங்கள். பிறகு ஹார்ட்போர்டை வையுங்கள்.